மணி என்னவென்று எழுதவில்லை

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் எழுதிய விமர்சனம் ஒன்றுக்கு நானே மறுப்பு எழுதிக்கொடுக்கும்படி ஆயிற்று. எழுதித் தரச் சொன்னவருக்கு, அந்த விமர்சனத்தை எழுதியவன் எதிரே நிற்கும் நான்தான் என்பது தெரியாது. விமர்சனத்துக்கு ஆளானது நாவலோ கவிதைத் தொகுப்போ அல்ல. திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருந்த சின்னஞ்சிறு மெஸ். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருமுறை அதன் பெயரைச் சொல்லி நான் செய்த காரியம் போதும்.

திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் தங்கியவர்களுக்கு மெஸ் என்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1998-இல் நான் அங்கே அறையெடுத்தபோது, ஓர் அறையில் மூவர் இருந்தோம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர் ஒருவர், வேலை கிடைத்தும் முதல் சம்பளம் வராத நான். எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்கு அங்கே ஒரு வாய்மொழி இலக்கியமே உண்டு. ‘பெரிய தெரு முனையில இருக்கறது காலையில மட்டும்’, ‘அந்த மெஸ்ல ரசம் நல்லாயிருக்கும், பொரியலை எதிர்பார்க்காதே’, ‘மாசக் கடைசியில் அங்கே போ, டோக்கன் கடனாத் தருவார்.’ இப்படித்தான் சொல்வார்கள். ஐந்துக்கு எத்தனை என்று யாரும் மதிப்பெண் போட்டதில்லை. சொன்னவர் இரவு அதே அறைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். சொன்னது தவறென்றால், கொசுவர்த்தியைப் பற்றவைக்கும்போதே கேட்டுவிடலாம். அந்தப் பேச்சுக்கு இருந்த நம்பகத்தன்மை, சொன்னவரின் நாக்கில் அல்ல, அவர் தப்பித்துப் போக முடியாது என்பதில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நான் சொல்லும் மெஸ்ஸும் எனக்கு அப்படித்தான் அறிமுகமானது. ஒரு பந்திக்குப் பதினெட்டுப் பேர். சுண்டைக்காய் வத்தக்குழம்பு வைக்கும் நாட்களில், வாசலில் செருப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று அறியலாம். திருமணமாகி வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்த பிறகும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழம்புக்காகப் போவேன்.

2016-இல் கல்லூரிக் கால நண்பர் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகான சந்திப்பு. தொலைபேசியிலேயே வத்தக்குழம்பைப் பற்றி அரை மணி நேரம் பேசி, அவருடைய பசியை வளர்த்து வைத்திருந்தேன். ரயில் தாமதம். நாங்கள் மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு நாற்பது. வத்தக்குழம்பு தீர்ந்திருந்தது. சாதம் ஆறிக் கட்டி தட்டியிருந்தது. சாம்பார் என்று வந்ததில் பருப்பைக் காணவில்லை. அப்பளம் நமுத்திருந்தது. பரிமாறிய பெரியவர் அவசரத்தில் தண்ணீரைச் சிந்திவிட்டு, துடைக்காமலே போனார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. மோர் சாதத்தை ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டுப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைதான் என்னைச் சுட்டது.

அன்றிரவு ஓர் உணவகத் தளத்தில் புனைபெயரில் இருநூறு சொற்களுக்குக் குறையாமல் எழுதினேன். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். ‘இந்தச் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடிக்கத் தொல்லியல் துறையைத்தான் அழைக்க வேண்டும்’ என்றொரு வரி தானாக வந்து விழுந்தது. அதை எழுதி முடித்ததும் ஒரு சிறுகதையை நல்லபடியாக முடித்த நிறைவு உண்டாயிற்று என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டே நாளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதை விரும்பியிருந்தார்கள். அந்த மெஸ்ஸின் பக்கத்தில் அதுவே முதலாவதாக வந்து நின்றது. என் கதை எதற்கும் அத்தனை வாசகர்கள் வாய்த்ததில்லை.

இணையத்து உணவக விமர்சனங்களை நம்பலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம், நாம் உடனே கூலிக்கு எழுதுபவர்களைத்தான் நினைக்கிறோம். நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர், தாம் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை உணவகமென்று டிரிப்அட்வைசரில் பதிவு செய்தார். அதற்கு முன்பு பத்து பவுண்டு கூலிக்குப் பொய் விமர்சனம் எழுதிய அனுபவம் அவருக்கு உண்டு. சவர நுரையையும் சாயத்தையும் வைத்து உணவுபோல் படமெடுத்தார். நண்பர்களைக் கொண்டு புகழ்ந்து எழுதவைத்தார். இடம் கேட்டு அழைத்தவர்களிடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார். அந்த ஆண்டு நவம்பரில், சுமார் 18,000 லண்டன் உணவகங்களுக்கிடையே அந்தக் கொட்டகை முதலிடத்தில் நின்றது. அதுவரை அங்கே ஒரு பிடிச் சோறுகூட யாருக்கும் விற்கப்படவில்லை.

இது வேடிக்கை. வேடிக்கையாக இல்லாத பக்கமும் இருக்கிறது. ஹார்வர்டு வணிகக் கல்லூரியின் மைக்கேல் லூக்கா 2011-இல் வெளியிட்ட ஆய்வு, சியாட்டில் நகரத்து உணவகங்களின் வருமானத்தை யெல்ப் தளத்து மதிப்பீடுகளோடு பொருத்திப் பார்த்தது. ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களை இது பாதிக்கவில்லை. தனி ஆள் நடத்தும் கடைகளையே பாதிக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு அதன் பெயர்ப்பலகையே விமர்சனம். சந்துக்குள் இருப்பவருக்கு நம்முடைய நட்சத்திரம்தான் பெயர்ப்பலகை. லூக்காவும் ஜார்ஜியோஸ் ஸெர்வாஸும் 2016-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பாஸ்டன் நகர உணவகங்களுக்கு வந்த விமர்சனங்களில் ஏறத்தாழ 16 சதவீதத்தை அந்தத் தளமே ஐயத்துக்குரியவை என்று வடிகட்டி ஒதுக்கியிருந்தது தெரிந்தது. நற்பெயர் பலவீனமாக இருக்கும் கடையும், போட்டி மிகுந்த கடையுமே பொய்யின் பக்கம் அதிகம் சாய்கின்றன என்றும் அவர்கள் கண்டார்கள்.

பொய்யைப் பிடிக்கச் சட்டங்களும் வந்துவிட்டன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய நுகர்வோர் விமர்சனங்களுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அமெரிக்காவில் பொய் விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் அவற்றைச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லாம் நல்லதே. ஆனால் இந்த விதிகளில் எதுவும் என்னைப் பிடிக்காது. நான் கூலி வாங்கவில்லை. போட்டிக் கடைக்காரரின் உறவினன் இல்லை. சாப்பிடாமல் எழுதவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் உண்மை.

2018 நவம்பரில் ஒரு நாள் திருவல்லிக்கேணிப் பக்கம் வேலை இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடியபோது கால்கள் பழக்கத்தில் அந்தச் சந்துக்குள் போய்விட்டன. மணி பதினொன்றே முக்கால். முதல் பந்தி இன்னும் நிரம்பவில்லை. சூடான சாதம், சுண்டைக்காய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். ஒன்றுமே மாறவில்லை. மாறியது என் முகத்தின் இடமென்று நினைக்கிறேன். இலையை விட்டு நிமிர முடியவில்லை.

கைகழுவிவிட்டுக் கல்லாவுக்கு வந்தபோது, உரிமையாளர் என் தோளில் தொங்கிய புத்தகப் பையைப் பார்த்தார்.

“சார் எழுதறவரா?”

“ஏதோ கொஞ்சம் அண்ணே” என்றேன்.

“ஒரு ஒத்தாசை செய்யணும் சார். என் பொண்ணு பி.காம். படிக்கிறா. இந்த போன்ல நம்ம மெஸ்ஸைப் பத்தி ஒருத்தர் எழுதியிருக்கிறதைக் காட்டினா. இதுக்கு நாமளும் பதில் எழுதலாமாம். எனக்குக் கணக்கு எழுதத் தெரியும். இதெல்லாம் வராது. மரியாதையா நாலு வரி எழுதித் தருவீங்களா?”

அவர் நீட்டிய திரையில் என் தொல்லியல் துறை இருந்தது.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல்முறை படிப்பவனைப்போல் மெதுவாகப் படித்தேன். “ரொம்பக் கடுமையா எழுதியிருக்கார்” என்றேன். என் குரலை நானே வேறொருவருடையதாகக் கேட்டேன்.

“பொய் எழுதலை சார்” என்றார் அவர். “அப்பளம் நமுத்துது, குழம்பு இல்லேங்கிறார். அப்படின்னா அவர் வந்தது ரெண்டரைக்கு மேலதான். அந்த நேரத்துல சாம்பார் அடிச்சட்டி. நாங்களே அதைத்தான் சாப்பிடுவோம். பரிமாறின பெரியவர் காலையில நாலு மணிக்கு எழுந்தவர், அவருக்குக் கை நடுங்கும். எல்லாம் சரி. மணி என்னன்னு மட்டும் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.”

இத்தனை ஆண்டுகளாக விமர்சனம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நண்பர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு பிரதியை அந்த மனிதர் வாசித்ததுபோல் நான் வாசித்ததில்லை. நமுத்த அப்பளத்திலிருந்து மணியைக் கண்டுபிடித்தார். நான் எழுதாமல் விட்டதை, எழுதியதை வைத்தே படித்துவிட்டார். வாக்கியங்கள் எல்லாம் உண்மையாக இருந்தும் விமர்சனம் பொய்யாக இருக்க முடியும் என்பதை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

அவர் கொடுத்த ரசீதுத்தாளின் பின்புறத்தில் எழுதினேன். ‘தாங்கள் வந்த அன்று மனநிறைவாகப் பரிமாற முடியாமல் போனதற்கு வருந்துகிறோம். ஒருமுறை பன்னிரண்டு மணிக்குள் வாருங்கள்.’ படித்துக் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “அன்னைக்குச் சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம்னு ஒரு வரி சேர்த்துடுங்க சார்” என்றார். சேர்த்தேன். என்னை விருந்துக்கு அழைக்கும் வரியை என் கையாலேயே எழுதிவிட்டு, அன்று சாப்பிட்டதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தேன்.

நாளிதழில் உணவகம் பற்றி எழுதுவதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. நியூயார்க் டைம்ஸில் கிரெய்க் கிளெய்போர்ன் 1957-இல் உணவுப் பகுதியின் ஆசிரியராகப் பொறுப்பேற்ற பிறகு அமைத்த மரபு அது. பெயர் சொல்லாமல் போவது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை போவது, உணவுக்கான பணத்தைப் பத்திரிகையே கொடுப்பது. கெட்ட நாள் எல்லாச் சமையலறைக்கும் உண்டு என்பதை அறிந்தவர்கள் வகுத்த முறை. நம்மைப் போன்றவர்கள் ஒரே ஒருமுறை போகிறோம். அதுவும் மனம் மிக மகிழ்ந்த நாளிலோ மிக எரிந்த நாளிலோதான் எழுதத் தோன்றுகிறது. சுமாராக இருந்த சாப்பாட்டைப் பற்றி யார் இரவில் விழித்திருந்து எழுதுவார்கள்? அதனால்தான் எந்தத் தளத்திலும் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் பெருகி, நடுவில் பள்ளம் விழுகிறது. நம் அன்றாடச் சாப்பாடெல்லாம் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

கூட்டத்தின் கைதட்டலும் ஒரு தராசு அல்ல. 2013-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஒரு பரிசோதனையில், ஒரு செய்தித் தளத்தின் பின்னூட்டங்களில் சிலவற்றுக்கு, தகுதி பாராமல் ஒரே ஒரு விருப்பக்குறியை ஆய்வாளர்களே முதலில் இட்டுவைத்தார்கள். அந்த ஒற்றைக் குறியால் அவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. எனக்குக் கிடைத்த அறுபது விருப்பங்களில் எத்தனை சாம்பாரைப் பற்றியவை, எத்தனை முன்னால் விரும்பியவரைப் பார்த்து விரும்பியவை என்று இப்போது யோசிக்கிறேன். அந்த அறுபது பேரில் ஒருவராவது மெஸ்ஸுக்குள் கால்வைத்திருப்பாரா என்பதும் ஐயமே.

அப்படியானால் எதையும் நம்பக்கூடாதா? அப்படி நான் நினைக்கவில்லை. இலக்கிய வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. க.நா.சு.வின் பட்டியல்களை நினைத்துப் பாருங்கள். அவர் தம் பட்டியல்களுக்காக எவ்வளவு ஏச்சு வாங்கினார். ஆயினும் என் தலைமுறையில் பலரும் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் நூலகத்துக்குப் போனோம். பட்டியலில் இருந்த ஒரு நூலைப் படித்தோம், பிடித்தது. இன்னொன்று பிடிக்கவில்லை. பத்து நூல்களுக்குப் பிறகு, அவருடைய ரசனை எங்கே நம்மோடு வருகிறது, எங்கே பிரிந்து போகிறது என்று தெரிந்துவிட்டது. அதன்பின் அவர் ஒதுக்கியதும் நமக்கு வழிகாட்டியாயிற்று. நம்பிக்கை என்பது ஒத்துப்போவதிலிருந்து வருவதில்லை. ஒருவரின் சாய்வு எந்தப் பக்கம் என்று அறிந்துகொள்வதிலிருந்து வருகிறது. பெருங்காய வாசமே ஆகாத நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவர் ‘சகிக்கவில்லை’ என்று சொன்ன இரண்டு இடங்களுக்குப் போய் மனநிறைவாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

எனவே, இப்போது ஓர் உணவகத்தைப் பற்றி இணையத்தில் பார்க்கும்போது முதலில் நட்சத்திரத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். மூன்று நட்சத்திரக்காரர்கள் எழுதியதைத் தேடிப் படிக்கிறேன். அதே கை வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறது என்று பார்க்கிறேன். எத்தனை மணிக்குப் போனார், என்ன கேட்டார், எத்தனையாவது முறை என்ற விவரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் சிகாகோ நகர விடுதிகளைப் பற்றிய 400 மெய் விமர்சனங்களையும், கூலிக்கு எழுதவைத்த 400 பொய் விமர்சனங்களையும் ஒப்பிட்டார்கள். படித்துப் பார்த்துப் பிரிக்கச் சொன்னபோது மனிதர்கள் நாணயம் சுண்டிப் பார்த்ததற்கு மேல் தேறவில்லை. கணினி ஏறத்தாழ 90 சதவீதம் சரியாகப் பிரித்தது. மெய்யான விமர்சனங்களில் குளியலறை, இருப்பிடம் என இடம்பற்றிய சொற்கள் மிகுந்திருந்தன. பொய்யில் ‘நான்’ மிகுந்திருந்தது. போகாதவருக்கு இடம் தெரியாது, தன்னைப் பற்றித்தான் எழுத முடியும். நான் போயிருந்தும் என் விமர்சனம் முழுக்க என்னைப் பற்றியே இருந்தது என்பது வேறு விஷயம்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் அதைத் திருத்தினேன். தொல்லியல் வரியை நீக்கினேன். மதியம் 2.40-க்குப் போனோம் என்று எழுதினேன். இருபது ஆண்டுகளாக அங்கே சாப்பிடுவதையும், அன்று நண்பர்முன் பட்ட அவமானத்தையும் சேர்த்தேன். நட்சத்திரத்தை நான்காக்கினேன். அடுத்த வாரம் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: ‘எவ்வளவு வாங்கினீர்கள்?’ அறுபது பேர் கைதட்டிய வாக்கியம் இப்போது அங்கே இல்லை. கைதட்டல் மட்டும் எண்ணிக்கையாக நின்றுகொண்டிருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மேன்ஷன்கள் காலியாயின. மறு ஆண்டு தொடக்கத்தில் நான் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் கூரியர் அலுவலகம் ஒன்று இருந்தது. அவர் கும்பகோணம் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டதாகப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார். என் விமர்சனத்தால் மூடினார் என்று சொன்னால், அது என் எழுத்துக்கு நானே கொடுத்துக்கொள்ளும் அதிகப்படியான மரியாதை. ஆனால் சொல்லவேண்டியதை அவரிடம் சொல்லாமலே போய்விட்டது.

மெஸ்ஸின் இணையப் பக்கம் மட்டும் இருக்கிறது. ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்ற குறிப்போடு. அப்படி ஒரு இடம் இருந்ததற்கு, முகம் தெரியாத முப்பது நாற்பது பேர் எழுதியதுதான் மிஞ்சியிருக்கிறது. அண்மையில் அவற்றை வரிசையாகப் படித்தேன். மிகக் கீழே, யாரோ ஒரு மேன்ஷன்வாசி எழுதியது: ‘மூணு வருஷம் சாப்பிட்டேன். ரசம் நல்லா இருக்கும். ரெண்டு மணிக்கு மேல போனா எதுவும் இருக்காது. ஞாயிறு ராத்திரி லீவு. காசு குறைஞ்சா அடுத்த மாசம் வாங்கிப்பார்.’

அதற்கு ஒரே ஒரு விருப்பக்குறி விழுந்திருந்தது. இரண்டாவதை நான் இட்டேன்.